பட்டாசு ஆபீஸுக்குப் போகாத போன்

இந்த வாரம் மக்காச்சோளம் விலை பத்தி எழுதலாம்னு இருந்தேன். அது அடுத்த பதிவுல வரட்டும். இப்போ எழுதப்போறது பிள்ளைங்க கையில இருக்கிற செல்போன் பத்தி. சம்சாரிக்கு இது என்ன வேலைன்னு சிலர் நினைக்கலாம். எங்க பக்கத்து நிலைமையைச் சொன்னா புரியும்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் சுத்துவட்டாரம் பூரா வானம் பார்த்த கரிசக்காடு. மழை பெஞ்சா மக்காச்சோளம், பருத்தி, உளுந்து, குதிரைவாலி. மழை இல்லைன்னா பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ். வெளியூர்க்காரங்களுக்கு ஒரு வார்த்தை: எங்க ஊர்ல பேக்டரியையும் ஆபீஸ்னுதான் சொல்லுவோம். காலையில வேன் வந்து ஆளுகளை ஏத்திட்டுப் போகும், சாயந்திரம் கொண்டாந்து விடும். வீட்டுல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே போறதுதான் வழக்கம். இல்லைன்னா குடும்பம் ஓடாது.

பட்டாசு ஆபீஸுக்குள்ள செல்போன் கொண்டுபோகக் கூடாது. மருந்து கையாளுற இடம், சின்னப் பொறி கூட ஆகாது. அதனால போன் எங்க இருக்கும்? வீட்டுல இருக்கும். வீட்டுல யார் இருப்பா? பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை இருக்கும். சனிக்கிழமை, பரீட்சை லீவு, மே மாசம்னா காலையில இருந்து பொழுதடையிற வரைக்கும் அந்தப் பிள்ளையும் அந்தப் போனும் மட்டும்தான். மருந்துக்குப் பக்கத்துல வேண்டாம்னு சொன்ன பொருளைப் பிள்ளைக்குப் பக்கத்துல வெச்சிட்டுப் போறோம். யாரையும் குறையா சொல்லலை. வேற வழி இல்லாம நடக்கிறது இது.

எனக்கு இப்போ ஐம்பதைத் தாண்டிருச்சு. நான் படிக்கிற காலத்துல விடியுறதுக்கு முன்னாடியே வேன் வந்து பெரியவங்களோட சின்னப் பிள்ளைகளையும் ஏத்திட்டுப் போகும். என் கூட அஞ்சாப்பு படிச்சவங்கள்ல பாதிப் பேர் ஆறாப்புக்கு வரலை. தீப்பெட்டிக் கட்டை அடுக்கப் போயிட்டாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சேன்னா அதுக்கு எங்க அம்மா பிடிச்ச பிடிவாதம்தான் காரணம். அப்புறம் சிவகாசி பிள்ளைத் தொழிலாளர் வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 1996 டிசம்பர் 10ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஆபத்தான தொழில்ல பிள்ளையை வேலைக்கு வெச்சா ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்டணும்னு சொன்னாங்க. ஒரே நாள்ல மாறலை. ஆனா மாறுச்சு. எங்க தெருவுல இன்னைக்கு ஆபீஸ் வேன்ல ஏறுற சின்னப் பிள்ளை ஒண்ணு கூடக் கிடையாது. எல்லாம் பள்ளிக்கூடம் போகுது.

அன்னைக்கு ஆபத்து இருக்கிற இடத்துக்குப் பிள்ளை போச்சு. இன்னைக்கு அது பிள்ளை இருக்கிற வீட்டுக்கே வந்திருது. கொரோனா காலத்துல, 2020 மார்ச்ல பள்ளிக்கூடம் மூடுனப்போ, பாடம் நடத்துறதுக்குன்னு கடன் வாங்கிப் போன் எடுத்த வீடுக எங்க ஊர்ல நிறைய. ஒண்ணாப்புல இருந்து எட்டாப்பு வரைக்கும் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. பிள்ளைக பள்ளிக்கூடம் போயிருச்சு. போன் வீட்டுலயே தங்கிருச்சு.

இதெல்லாம் தெரிஞ்ச விஷயம்தான். ஆனா போன டிசம்பர் அரையாண்டு லீவுல எங்க வீட்டுக்கே ஒண்ணு வந்தது. அதனாலதான் எழுதுறேன்.

என் மகளும் மருமகனும் பட்டாசு ஆபீஸுக்குத்தான் போறாங்க. பேரன் ஏழாப்பு. லீவுன்னா பகல் பூரா வீட்டுல இருப்பான், இல்லைன்னா என் கூடக் காட்டுக்கு வருவான். அந்த நேரம் மக்காச்சோளம் கதிர் பிடிச்சிருந்தது. காட்டுப்பன்னித் தொந்தரவு. வரப்பைச் சுத்திக் குச்சி ஊன்றி பழைய சேலை கட்டிக்கிட்டு இருந்தோம். ரெண்டு நாளா பய சரியாச் சாப்பிடலைன்னு மக சொல்லியிருந்தா. சேலையோட ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் திடீர்னு கேட்டான். "தாத்தா, நம்ம போட்டோவை வேற ஒருத்தர் மாத்தி ஊருக்கெல்லாம் அனுப்ப முடியுமா?"

கட்டுறதை நிறுத்திட்டு வேப்பமரத்தடியில உட்கார்ந்தோம். கொஞ்சம் கொஞ்சமாச் சொன்னான். துப்பாக்கி சுடுற விளையாட்டு ஒண்ணு அவங்க அம்மா போன்ல ஏத்தி வெச்சிருக்கான். ஆடுறவங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிற வசதி அதுல இருக்கு. ஒரு 'அண்ணா' பழக்கமாகி, விளையாட்டுல துப்பாக்கி வாங்குறதுக்கு 'டைமண்ட்' சும்மா குடுத்திருக்கான். ஒரு மாசம் நல்லாப் பேசியிருக்கான். எந்தப் பள்ளிக்கூடம், அப்பா அம்மா எப்போ வருவாங்கன்னு கேட்டிருக்கான். ஒரு போட்டோ அனுப்புன்னு சொல்ல, இவன் பள்ளிக்கூட யூனிபார்ம்ல இருக்கிறதை அனுப்பியிருக்கான். அடுத்து சட்டை இல்லாம ஒண்ணு அனுப்புன்னு கேட்டிருக்கான். இவன் மாட்டேன்னதும், அந்த முதல் போட்டோவையே அசிங்கமா மாத்தி உன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிருவேன்னு மிரட்டியிருக்கான்.

"அம்மாகிட்ட ஏன் சொல்லலை?"ன்னு கேட்டேன்.

"சொன்னா போனைப் புடுங்கிருவா தாத்தா. அப்புறம் அடிப்பா."

நான் திட்டலை. "நீ ஒரு தப்பும் பண்ணலை, மிரட்டுறவன்தான் தப்புப் பண்றவன்"னு சொன்னேன். பய அப்பத்தான் அழுதான். அன்னைக்குச் சாயந்திரம் நானே மகள், மருமகன்கிட்ட சொன்னேன். மக போனைத் தூக்கிக் கல்லுல அடிக்கப் போயிட்டா. மருமகன்தான் தடுத்தார். அந்த மிரட்டலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சோம். அந்த ஆளை பிளாக் பண்ணோம். 1098க்குப் பேசினோம். தெரிஞ்ச பையன் ஒருத்தனை வெச்சு சைபர் கிரைம் இணையதளத்துல புகார் பதிஞ்சோம், நம்பர் குடுத்தாங்க. அந்த ஆள் யாரு, எந்த ஊருன்னு இன்னும் தெரியலை. மிரட்டுன மாதிரி போட்டோ எங்கயும் வரலை.

அதே லீவுல பேப்பர்ல ஒரு சேதி பார்த்தேன். பிள்ளைங்க போன்ல ஆபாசம் சுலபமா வருது, அதனால நெட் கம்பெனிக்காரங்க பெத்தவங்களுக்குக் கட்டுப்பாட்டு வசதி குடுக்கணும், அதுக்குப் பேரு 'பேரன்ட்டல் விண்டோ', அப்படின்னு மதுரைக்காரர் ஒருத்தர் 2018ல ஹைகோர்ட் மதுரைக் கிளையில வழக்குப் போட்டிருக்கார். 2025 டிசம்பர்ல நீதிபதிகள் ஜி.ஜெயச்சந்திரன், கே.கே.ராமகிருஷ்ணன் தீர்ப்புச் சொன்னாங்க. ஆஸ்திரேலியாவுல இருக்கிற மாதிரி 16 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு ஒரு சட்டம் கொண்டுவர முடியுமான்னு மத்திய அரசு பார்க்கணும், அதுவரைக்கும் குழந்தைகள் உரிமை ஆணையங்கள் விழிப்புணர்வு வேலையைத் தீவிரமாச் செய்யணும்னு சொல்லியிருக்காங்க. பெத்தவங்க பொறுப்பையும் சொல்லியிருக்காங்க. ஆஸ்திரேலியாவுல அந்தச் சட்டம் 2025 டிசம்பர் 10ல இருந்து நடைமுறைக்கு வந்தது. 16 வயசுக்குக் கீழ இருந்தா இன்ஸ்டாகிராம், டிக்டாக் மாதிரி இடங்கள்ல கணக்கு வெச்சுக்க முடியாது. மீறினா பிள்ளைக்கோ பெத்தவங்களுக்கோ அபராதம் இல்லை, கம்பெனிக்குத்தான்.

நல்ல விஷயம். ஆனா 2018ல போட்ட வழக்குக்கு 2025ல தீர்ப்பு. சட்டம் எப்போ வரும்னு பார்த்துக்கிட்டு இருந்தா நம்ம பிள்ளை வளர்ந்து கல்யாணமாகிப் போயிரும். அதுவரைக்கும் நம்ம கையில என்ன இருக்குன்னு விசாரிச்சேன். கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற என் தம்பி மகன் பொங்கலுக்கு வந்தப்போ உட்கார்ந்து சொல்லிக் குடுத்தான். எல்லாமே காசில்லாதது. நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி எழுதுறேன்.

முதல்ல டிஎன்எஸ். போன்ல ஒரு இணையதளம் பேரைத் தட்டினா, அது எங்க இருக்குன்னு போன் ஒரு இடத்துல போய்க் கேட்கும். ஊருக்குப் புதுசா வர்றவர் டீக்கடையில "இன்னார் வீடு எது?"ன்னு கேட்கிற மாதிரி. அந்த டீக்கடைதான் டிஎன்எஸ். எல்லா வீட்டுக்கும் வழி சொல்ற கடையும் இருக்கு. சின்னப் பிள்ளை வந்து டாஸ்மாக் எங்கன்னு கேட்டா வழி சொல்லாத கடையும் இருக்கு. அந்த ரெண்டாவது வகைக் கடைக்கு நம்ம போனைத் திருப்பி விடணும். கிளவுட்ஃப்ளேர்ங்கிற கம்பெனி 2020ல குடும்பங்களுக்குன்னே இப்படி ஒண்ணை இலவசமா ஆரம்பிச்சது. வீட்டுல வைஃபை பெட்டி இருந்தா அதோட செட்டிங்ல 1.1.1.3ன்னு போடணும். ஆபாசத் தளம், வைரஸ் தளம் ரெண்டையும் தடுக்கும். ஓபன்டிஎன்எஸ் பேமிலிஷீல்டுன்னு இன்னொண்ணும் இருக்கு. அதுக்கு நம்பர் 208.67.222.123.

எங்க பக்கம் வைஃபை பெட்டி எத்தனை வீட்டுல இருக்கு? சிம் கார்டு நெட்டுதான். அதுக்கும் வழி இருக்கு. ஆண்ட்ராய்டு 9க்கு மேல உள்ள போன்ல செட்டிங்ஸ் போய், மேல தேடுற கட்டத்துல 'பிரைவேட் டிஎன்எஸ்'னு தேடுங்க. அதுல மூணாவதா, பேர் எழுதுற கட்டம் வரும். அதுல இங்கிலீஷ் எழுத்துல இடைவெளி இல்லாம இப்படி அடிக்கணும்: பேமிலி, புள்ளி, கிளவுட்ஃப்ளேர், நடுவுல சின்னக் கோடு, டிஎன்எஸ், புள்ளி, காம். ஒரு எழுத்து மாறினாலும் நெட்டே வராது. நெட் வரலைன்னா பயப்பட வேண்டாம், எழுத்தைச் சரி பாருங்க. ஸ்பெல்லிங் தெரியலைன்னா பக்கத்து வீட்டுக் காலேஜ் பிள்ளையைக் கேளுங்க. உங்க பிள்ளையையே அடிக்கச் சொல்லாதீங்க. பன்னியைக் கூப்பிட்டு வேலி போடச் சொன்ன கதை ஆயிரும்.

ரெண்டாவது, யூடியூப். அது ஆபாசத் தளம் இல்லைங்கிறதால மேல சொன்ன தடுப்புல நிக்காது. யூடியூப் செட்டிங்ஸ்ல 'ரெஸ்ட்ரிக்டட் மோட்'னு ஒண்ணு இருக்கு, அதை ஆன் பண்ணணும். பெரியவங்களுக்கான வீடியோக்கள்ல பெரும்பகுதியை மறைச்சிரும். கூகுள்ல 'சேஃப் சர்ச்'னு இருக்கு, அதையும் ஆன் பண்ணணும். ரொம்பச் சின்னப் பிள்ளைன்னா 'யூடியூப் கிட்ஸ்' தனியா ஏத்திக் குடுத்திரலாம்.

மூணாவது, ப்ளே ஸ்டோர். அதுக்குள்ள 'பேரன்ட்டல் கன்ட்ரோல்' ஆன் பண்ணி ஒரு பின் நம்பர் போட்டு, எத்தனை வயசுக்கான ஆப் வரைக்கும் ஏத்தலாம்னு வெச்சிரலாம். காசு குடுத்து வாங்குறதுக்கு ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்கிற மாதிரியும் வெச்சிரணும். ஜிபே, போன்பே பின் நம்பரைப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கவே கூடாது. "கடைக்குப் போயிட்டு வா, இந்தா பின்"னு நாமதான் சொல்லிக் குடுத்து வெச்சிருக்கோம்.

நாலாவது, கூகுள் 'பேமிலி லிங்க்'. இதைத்தான் எல்லாரும் முதல்ல சொல்றாங்க. பிள்ளை எந்த ஆப் ஏத்தினாலும் நமக்குக் கேட்டு வரும், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்னு வைக்கலாம், ராத்திரி தானாப் பூட்டிக்கும். இதுக்கும் காசில்லை. ஆனா இது பிள்ளைக்குன்னு தனிப் போன், தனிக் கணக்கு இருக்கிற வீட்டுக்கு. எங்க பக்கத்துல அம்மா போன்தான் பிள்ளை போன். அதுல அம்மாவோட கணக்கு இருக்கும். அங்க பேமிலி லிங்க் சரிப்படாது. சில போன்கள்ல இன்னொரு ஆளுக்குத் தனி இடம் வைக்கிற வசதியோ, பிள்ளைகளுக்கான 'கிட்ஸ் மோட்' வசதியோ இருக்கு. உங்க போன்ல இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா மேல சொன்ன மூணையும் பண்ணிட்டு, செட்டிங்ஸுக்குப் பூட்டுப் போடுற வசதி இருந்தா அதையும் போட்டிருங்க.

இவ்வளவும் பண்ண எங்களுக்கு அரை மணி நேரம் ஆச்சு. தெரிஞ்சவங்களுக்குப் பத்து நிமிஷம்.

எல்லாம் முடிஞ்சதும் நான் தம்பி மகன்கிட்ட ஒரு கேள்வி கேட்டேன். "இதை முன்னாடியே போட்டிருந்தா அந்த ஆள் பேரன்கிட்ட பேசியிருக்க முடியாதா?"

"பேசியிருப்பான் பெரியப்பா"ன்னான். "இது கெட்ட தளத்துக்குப் போறதைத்தான் தடுக்கும். விளையாட்டுக்குள்ள, வாட்ஸ்அப்புக்குள்ள, இன்ஸ்டாகிராமுக்குள்ள வந்து பேசுறவனை இது தடுக்காது. விபிஎன்னு ஒரு ஆப் ஏத்தினா இந்தத் தடுப்பையே தாண்டிரலாம். எட்டாப்புப் பயலுகளுக்கு அதெல்லாம் தெரியும்."

அந்தப் பதில் எனக்குப் புரிஞ்சது. மக்காச்சோளக் காட்டுக்குச் சேலை கட்டுறோம். சேலை பன்னியை நிறுத்துமா? பாதியை நிறுத்தும். காத்துல ஆடுறதைப் பார்த்து சிலது மிரண்டு திரும்பிரும். பழகின பன்னி கீழ நுழைஞ்சு வந்துரும். அதுக்காகச் சேலை கட்டாம இருக்கிறோமா? கட்டிட்டு, ராத்திரி காவலுக்கும் போறோம். ஏதேச்சையாக் கண்ணுல படுற அசிங்கத்துல பெரும்பகுதி அந்த அரை மணி நேர வேலையில நின்னுரும். சின்னப் பிள்ளைக்கு அதுவே பெரிசு. மிச்சத்துக்கு ஆள் வேணும்.

ஆள்தான் வேன் ஏறிப் போயிருதே, அதுக்கு என்ன பண்றது? இதைத்தான் நானும் மருமகனும் ராத்திரி பேசிக்கிட்டு இருந்தோம். அவர் சொன்னது மனசுல நின்னுருச்சு. "மாமா, எங்க ஆபீஸ்ல மருந்து ரூமுக்குச் சுவர் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் கதவு. ஒரு ரூமுக்கு நாலு பேர்தான்னு கணக்கு. கதவு வெளிப்பக்கமாத் திறக்கும். ஏதாவது ஆச்சுன்னா யோசிக்காம வெளிய ஓடி வந்துரணும். இழுத்துத் திறக்கிற கதவா இருந்தா உள்ளயே கெடக்க வேண்டியதுதான்."

பேரன் ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தது அந்தக் கதவு இல்லாமத்தான். சொன்னா அடி விழும், போன் போயிரும்னு நினைச்சான். மிரட்டுறவனுக்கும் இது தெரியும். "வீட்டுல சொன்னா உன்னைத்தான் திட்டுவாங்க"ன்னுதான் அவனும் எழுதியிருந்தான். நாம பிள்ளையை அதட்டி வெச்சிருக்கிறது அவனுக்கு வசதியாப் போகுது.

அதனால மகளும் மருமகனும் பேரனைக் கூப்பிட்டு ஒரு வாக்குக் குடுத்தாங்க. போன்ல என்ன வந்தாலும், யார் என்ன கேட்டாலும், நீ ஏற்கனவே எதையாவது அனுப்பியிருந்தாலும், வந்து சொன்னா திட்டு கிடையாது, அடி கிடையாது, போனையும் புடுங்க மாட்டோம். மகளுக்கு இதைச் சொல்ல மனசு வரலை. போனை உடைச்சாத்தான் நிம்மதின்னு இருந்தா. ஆனா சொன்னா. போன வாரம் பேரன் அவளாக் கேட்காமலே ஒரு மெசேஜைக் கொண்டுவந்து காட்டியிருக்கான். ஏதோ பரிசு விழுந்திருக்குன்னு வந்த மோசடி மெசேஜ். அவன் வந்து காட்டுனதே எங்களுக்குப் பெரிய காரியம்.

உங்க வீட்டுல இந்த மாதிரி ஏதும் நடந்தா ஞாபகம் வெச்சுக்க வேண்டியது சிலது இருக்கு. மிரட்டுறவனுக்குக் காசும் குடுக்காதீங்க, அடுத்த போட்டோவும் அனுப்ப விடாதீங்க. குடுத்தா நிறுத்த மாட்டான், இன்னும் கேட்பான். பேசினதை அழிச்சிராதீங்க, அதுதான் சாட்சி. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098, எந்நேரமும் இலவசமாப் பேசலாம். பணம் போயிருந்தா உடனே 1930. மத்திய அரசோட சைபர் கிரைம் இணையதளத்துல பிள்ளைங்க, பொம்பளைங்க சம்பந்தப்பட்ட புகாருக்குத் தனிப் பகுதி இருக்கு. போட்டோ வெளிய போயிருமோன்னு பயம் இருந்தா 'டேக் இட் டவுன்'னு ஒரு இலவச ஏற்பாடு இருக்கு. 18 வயசுக்குக் கீழ இருந்தப்போ எடுத்த ஆபாசப் படத்துக்கு அது உதவும். படத்தை அவங்களுக்கு அனுப்ப வேண்டாம். போன்லயே அதுக்கு ஒரு அடையாள எண் உண்டாக்கி, அதை மட்டும் எடுத்துக்கிட்டு, சேர்ந்திருக்கிற கம்பெனிகள் தங்க தளத்துல அந்தப் படத்தைத் தேடி எடுக்க உதவுறாங்க.

இன்னொண்ணு. "இப்படி ஒருத்தன் பண்றான், ஜாக்கிரதை"ன்னு பிள்ளை படத்தை ஊர் வாட்ஸ்அப் குரூப்புல போடுறவங்க இருக்காங்க. நல்ல எண்ணத்துலதான் போடுறாங்க. அந்தப் பிள்ளைக்கு அதைவிடக் கேடு கிடையாது. பிள்ளைகள் சம்பந்தப்பட்ட ஆபாசப் படத்தைப் பரப்புறது மட்டுமில்லாம, அழிக்காம, புகாரும் பண்ணாம கையில வெச்சிருக்கிறதும் போக்சோ சட்டத்துல குற்றமாகலாம்னு 2024 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. நேரா போலீஸ்கிட்ட காட்டுங்க, வேற யாருக்கும் அனுப்பாதீங்க.

இப்போ எங்க வீட்டு ஏற்பாடு இதுதான். மக வேன் ஏறுறதுக்கு முன்னாடி போனை எங்க வீட்டுல குடுத்துட்டுப் போறா. திண்ணையிலதான் போன் இருக்கும். பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்து அரை மணி நேரம் விளையாடுவான், நானோ அவன் பாட்டியோ பக்கத்துல இருப்போம். அந்த விளையாட்டுல முன்பின் தெரியாதவங்க பேசுற வசதியை நிறுத்தி வெச்சாச்சு. எங்க தெருவுல இன்னும் நாலு வீட்டுல பெரியவங்க பகல்ல வீட்டோட இருக்காங்க. அவங்ககிட்டயும் சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை வேன் கிடையாது. அன்னைக்குப் போனை எடுத்துட்டு எங்க வீட்டுக்கு வந்தா தம்பி மகன் எழுதிக் குடுத்த தாளைப் பார்த்து நானே டிஎன்எஸ் போட்டுக் குடுக்கிறேன்னு சொல்லியிருக்கேன். இதுவரைக்கும் பதினோரு போன் ஆச்சு. ஒரு பாட்டி தன்னோட பட்டன் போனையும் கொண்டுவந்தா. அதுக்கு ஒண்ணும் தேவையில்லை ஆத்தான்னு சொல்லி அனுப்பினேன்.

மக்காச்சோளம் அறுத்தாச்சு. விலை நிலவரமும் வியாபாரிகள் போடுற எடைக் கணக்கும் அடுத்த பதிவுல.